நான்கு சேணங்களும் உன் அப்பாவும்

லெப்பாசாரி,
ஜூன் 14

அன்புள்ள சைலாவுக்கு,

இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் வேளாவேளைக்குப் பசிக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது, நடுவில் சண்டையும் போட்டுக்கொள்கிறோம், ஆகவே நலம் என்றே எழுதிவிடுகிறேன். நீயும் மாப்பிள்ளை ரமீரோவும் என் கண்ணு இனேஸும் அந்த அளவுக்காவது நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே இப்போது குளிர் தொடங்கியிருக்கும். இனேஸுக்கு நான் பின்னி அனுப்பிய காலுறை பொருந்தியதா என்று மூன்று கடிதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீ பதிலுக்குக் குதிரைகளின் குளம்பைப் பற்றி எழுதுகிறாய். குதிரை வைத்தியரைப் பெற்றதற்கு இது எனக்கு வேண்டியதுதான். இந்தக் கடிதத்தில் இருப்பதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தவுடன் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாதவர் போல ஜன்னலோரம் போய் நின்றுகொள்கிறார். இன்றைக்கு வலையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போயிருக்கிறார், திரும்பி வர இரண்டு மணி நேரமாவது ஆகும், அதற்குள் எழுதி உறையை ஒட்டிவிட வேண்டும்.

முதலில் போன மாதக் கடைசியில் அவர் உனக்கு அனுப்பிய குறுஞ்செய்தி. "சேணம் இறுகிப் போச்சு. கழட்டியாச்சு. அம்மாவுக்கு ரத்தம். மத்தபடி நல்லா இருக்கோம்." ஒரு குதிரை வைத்தியருக்கு அனுப்புகிற செய்தியா இது, நீயே சொல். நாங்கள் இந்த வயதில் குதிரை வாங்கிவிட்டோம், அதிலிருந்து நான் விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டேன் என்று நீ பதறி நான்கு முறை அழைத்தாயாம், நாங்கள் அப்போது சிக்னல் இல்லாமல் ஏரி நடுவில் ஃபெர்ரியில் இருந்தோம். அப்புறம் பேசியபோதும் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று அவர் போனை வாங்கி வைத்துவிட்டார். அது கார்ச் சேணம் சைலா, காலிப்பர். சக்கரத்துக்குள் பிரேக் தட்டின் மேல் கால் விரித்து உட்கார்ந்திருக்குமே, அந்த இரும்புக் கட்டி. அதற்கு நம் ஊர்ப் பாஷையில் சேணம் என்று பேர் வைத்த புண்ணியவான் குதிரையையும் பார்த்ததில்லை, காரையும் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். ரத்தம் என் விரலில் வந்தது, சின்னக் கீறல், ஆறிவிட்டது. அவர் சொன்ன நான்கு வாக்கியத்தில் முதல் மூன்றும் உண்மை, கடைசி வாக்கியம்தான் பொய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இலையுதிர் காலத்தில் நாம் பேசிக்கொண்டது நினைவிருக்கும். நம் பழைய எஸ்யூவி இந்த வருடப் பரிசோதனையில் தேறினால் நாங்கள் தீவிலேயே இருப்போம், தேறாவிட்டால் வேறு கார் வாங்குவதில்லை, நீ பதிந்து வைத்திருக்கிற நகரத்து முதியோர் ஃபிளாட்டுக்குப் போய்விடுவோம் என்று ஒப்பந்தம். ஃபிளாட்காரர்கள் ஜூன் முடிவதற்குள் பதில் கேட்கிறார்கள். கார் இல்லாமல் இந்தத் தீவில் யாராலும் இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும், கடைக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர், டாக்டருக்கு முப்பத்தைந்து, நடுவில் ஏரி. உன் அப்பா அந்த ஃபிளாட்டின் படத்தைப் பார்த்துவிட்டு, பால்கனி என்று போட்டிருக்கிறார்களே இது சாம்பல் தட்டு வைக்கத்தான் சரி என்றார். எனக்கும் அங்கே போக மனமில்லை என்பதை இப்போது எழுத்தில் தருகிறேன்.

பனி விழ ஆரம்பித்தால் ஹேண்ட் பிரேக்கைத் தொடக்கூடாது, தொட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும், வண்டியைக் கியரில் நிறுத்து என்று உனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தபோது உன் அப்பா போதித்தாரே, ஊரே அப்படித்தான் செய்கிறது, அதில் தப்பில்லை. ஆனால் மற்றவர்கள் ஏப்ரலில் பனி கரைந்ததும் விட்டுவிடுவார்கள், இவர் அக்டோபரிலிருந்து மே பாதிவரை அந்தக் கம்பியின் பக்கமே போவதில்லை, விரதம் மாதிரி. நீயும் பனியே விழாத ஊரில் ஹேண்ட் பிரேக் போடாமல் வண்டியை நிறுத்துகிறாய் என்று மாப்பிள்ளை என்னிடம் புகார் சொன்னார், அது உன் ரத்தத்தில் கலந்தது, அவரை மன்னிக்கச் சொல். இந்த வருடம் மே பதினைந்தாம் தேதி வாக்கில் நாங்கள் ஃபெர்ரியில் ஏறினோம். ஃபெர்ரி ஓட்டுகிற பிர்யோவை உனக்குத் தெரியும், உன் அப்பாவிடம் புவியியல் படித்து இரண்டு தடவை ஃபெயிலானவள். குளிர்காலமெல்லாம் அவள் கண்டுகொள்ள மாட்டாள். ஆனால் போன வருடம் ஒரு வேன் தானாக உருண்டு தடுப்புக் கம்பியில் முட்டியதிலிருந்து அவளுக்கு மேலிடத்து உத்தரவாம். ஜன்னலைத் தட்டி, "வாத்தியாரே, ஹேண்ட் பிரேக்கைப் போடுங்க. வண்டி தண்ணிக்குள்ள போனா நான் குதிக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். பழைய மாணவி அதட்டினால் இவருக்கு ரோஷம் வந்துவிடுமே. ஏழு மாதம் இழுக்காத இழுப்பையெல்லாம் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

இழுத்தது சரி, அக்கரையில் விட்டபோது கம்பி இறங்கியது, பிரேக் இறங்கவில்லை. வண்டி முனகிக்கொண்டே கரையேறியது. கடைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் ஒரு நாற்றம். நான் கேட்டேன், வயலில் எரு கொட்டுகிறார்கள் என்றார். எரு எங்கேயாவது ரப்பர் கருகின மாதிரி நாறுமா என்று கேட்டேன், இப்போதெல்லாம் மாட்டுக்கு என்ன தீனி போடுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும் என்றார். வீட்டு வாசலில் இறங்கி இடது பின் சக்கரத்தின் மேல் ஒரு கைப்பிடி தண்ணீர் தெளித்தேன், தோசைக்கல்லில் தெளித்தது போலச் சுர்ரென்றது. அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். வண்டி குளிர்காலத்திலிருந்தே இடது பக்கம் இழுக்கிறது, நான் சொல்லவில்லை, நீ பயப்படுவாய் என்றுதான் என்றார். எனக்கும் தெரியும், வலது ஓரமாகப் போக வேண்டிய வண்டி சில மாதமாக ரோட்டின் நடுக்கோட்டை ஒட்டியே போய்க்கொண்டிருந்தது, எதிரே லாரி வந்தால் நான் தானாகக் கதவுப் பிடியைப் பற்றிக்கொள்வேன். சரி, காரணம் கிடைத்துவிட்டது, சேணம் பிடித்துக்கொண்டு இழுக்கிறது, கழற்றிப் பார்த்துச் சரி செய்துவிட்டால் பரிசோதனையில் தேறிவிடும் என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகலாம் என்றேன். அவர் கேட்பாரா, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்றார். நாமே என்றால் யார் என்று உனக்குத் தெரியும். அவர் பூமியின் மேலோட்டைப் பற்றி முப்பது வருடம் பாடம் நடத்தினார், ஒரு சக்கரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் தடுமாறுகிறார். நானோ முப்பத்துநான்கு வருடம் பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்தத் தீவில் பாதிப் பேரின் வாய்க்குள் நான் எட்டிப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் என்னிடம் எவரும் அதிகம் வாயைத் திறப்பதில்லை. பழைய பெட்டியிலிருந்து அந்தச் சின்னக் கைப்பிடிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, கண்ணாடியைச் சேணத்தின் பின்பக்கம் நுழைத்துப் பார்த்தால் கடைவாய்ப் பல்லைப் பார்க்கிற மாதிரியே இருக்கிறது. பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கிற பேட், வெளிப்பக்கத்தில் ஆறு மில்லிமீட்டர், உள்பக்கத்தில் இரண்டுகூட இல்லை. அப்படி ஒரு வாயை நான் சிகிச்சைக்கு வரச் சொல்லித் திட்டியிருப்பேன். ஹேண்ட் பிரேக் கேபிளைக் கழற்றிவிட்டு அது சேணத்தில் இழுக்கிற லீவரை அசைத்துப் பார்த்தேன், பாதி வழியில் நின்றுவிட்டது, ஸ்பிரிங் இருந்தும் திரும்பி வரவில்லை. ஏழு மாதம் அசையாமல், ரோட்டுப் பனிக்குத் தூவுகிற உப்புத் தண்ணீரில் ஊறினால் யார்தான் அசைவார்கள். சும்மா இருந்தே கெட்டுப்போயிருக்கிறது, உபயோகித்து இல்லை.

புதுச் சேணம் தபாலில் வந்த அன்றைக்கு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பழையதைக் கழற்றும்போது உன் அப்பா அதைப் பிரேக் ஹோஸிலேயே தொங்கவிட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். அந்த ரப்பர்க் குழாய்தான் நம் உயிர், அதில் அத்தனை கனத்தைத் தொங்கவிடலாமா. கட்டுவதற்குக் கம்பி அகப்படவில்லை, வாசல் கொக்கியில் அவருடைய கறுப்பு டை தொங்கியது, சாவு வீட்டுக்கு மட்டும் கட்டுகிற டை. அதால் கட்டித் தொங்கவிட்டேன். திரும்பி வந்து பார்த்தவர், யார் செத்தது என்றார். புதுசை மாட்டிக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும், ஒரு ஆள் பெடலை அமுக்க, ஒரு ஆள் கீழே படுத்துச் சேணத்தின் மூக்குத் திருகைத் திறந்து மூட வேண்டும். அமுக்குங்க, பிடிங்க, விடுங்க என்று நான் தரையிலிருந்து கத்துகிறேன், அவர் விடுங்க என்றால் பிடிக்கிறார், பிடிங்க என்றால் என்ன சொன்னே என்று ஜன்னலில் தலையை நீட்டுகிறார். கல்யாணத்தன்று பாதிரியார் எங்களிடம் என்னென்னவோ கேட்டார், இதைச் செய்ய முடியுமா என்று மட்டும் கேட்டிருந்தால் அத்தோடு விஷயம் முடிந்திருக்கும். அந்தக் களேபரத்தில்தான் தகட்டில் விரல் கிழிந்தது, அவர் உனக்குச் செய்தி அனுப்பியதும் அப்போதுதான். எனக்குக் கட்டுப் போடுவதற்கு முன்னால் அதை அனுப்பினார் என்பதையும் குறித்துக்கொள்.

ஜூன் மூன்றாம் தேதி பரிசோதனை. அங்கே இருந்தவள் ஊதா நிறத் தலைமுடியோடு சிரிக்கவே தெரியாத ஒரு பெண். வண்டியை உருளைகள் மேல் ஏற்றி, பிரேக்கை அமுக்கி, திரையில் எண்களைப் பார்த்தாள். இடதும் வலதும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஹேண்ட் பிரேக்கும் அப்படியே. பின் சேணம் புதுசா இருக்கே, எங்கே போட்டீங்க என்று கேட்டாள். உன் அப்பா நெஞ்சை நிமிர்த்தி, நாங்களே போட்டோம் என்றார். அவள் அவருடைய சுத்தமான கையைப் பார்த்தாள், என்னுடைய கட்டுப் போட்ட விரலைப் பார்த்தாள், சரி என்று தாளில் முத்திரை குத்திக் கொடுத்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. தேறிவிட்டோம், சைலா. வாசலிலேயே உனக்குப் போன் பண்ணியிருப்பேன், வீட்டுக்குப் போய் நிதானமாகப் பேசலாம் என்று விட்டேன். அப்படிப் பேசாததற்குக் காரணம் அடுத்த அரைமணி நேரத்தில் நடந்தது.

திரும்பும் வழியில் வண்டி மறுபடி நடுக்கோட்டுக்கு வந்தது. வளைவில் பால் லாரி வந்தது, அவன் ஹாரனை அமுக்கிப் பிடித்தான், உன் அப்பா கடைசி நொடியில் ஒடித்தார். ஒரு முழம் இருந்திருக்கும், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சாவியை மேஜையில் வைத்துவிட்டு, முன்பக்கத்துச் சேணமும் பிடித்திருக்கிறது போல, அந்தப் பொண்ணு சரியாப் பார்க்கலை என்றார். எனக்கு அப்போது சந்தேகம் வரவில்லை, பயம்தான் வந்தது. மறுநாளே ஜாக்கியை எடுத்தேன். இடது முன் சக்கரம், சேணம் சறுக்குகிற இரும்புப் பின்கள் இரண்டும் ஒரு விரலால் தள்ளினால் நகர்கின்றன, ரப்பர் உறை கிழியவில்லை, பேட் உள்ளும் வெளியும் சமமாக இருக்கிறது. வலது முன் சக்கரமும் அப்படியே. அவர் அப்போதும் விடவில்லை, வலது பின்பக்கத்தையும் பார்த்துவிடு என்றார். அதையும் பார்த்தேன், என் வயதில் அந்தச் சேணம் அசைகிற மாதிரி என் முழங்கால் அசைந்தால் போதும். நான்கு சேணமும் சுத்தம். ஈரச் சரளையில் மல்லாந்து படுத்தபடி யோசித்தேன். உருளை மேல் நேராக நின்ற வண்டி, சேணம் நான்கும் ஒழுங்காக இருக்கிற வண்டி, எதற்காக நடுரோட்டுக்குப் போகிறது. அப்போதுதான் பிப்ரவரியில் அவர் ரோட்டோரத் தபால் பெட்டி வரிசையில் காரின் வலது பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்ததும், பனி தள்ளுகிறவன் பெட்டிகளை நகர்த்தி வைத்துவிட்டான் என்று திட்டியதும் ஞாபகம் வந்தது. சாப்பாட்டு மேஜையில் வலது கைப்பக்கம் வைத்த காபியை அவர் இந்த வருடம் எத்தனை தடவை தட்டிவிட்டிருக்கிறார் என்றும் ஞாபகம் வந்தது. நான் துடைத்துக்கொண்டே திட்டியிருக்கிறேன். வாய் பார்க்கத் தெரிந்த அளவுக்கு எனக்குக் கண் பார்க்கத் தெரியவில்லை.

சக்கரத்தை மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, நான் ஓட்டுகிறேன் என்றேன். பதினோரு வருடமாக நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை, ஒரு வீட்டில் இரண்டு டிரைவர் இருந்தால் தினம் ஒரு கொலை நடக்கும் என்று விட்டுக்கொடுத்திருந்தேன். அவர் சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன், சுற்றிக்கொண்டு போய் வலது பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். உருளைக்கிழங்கு வயலை ஒட்டிய நேர் ரோட்டில் எதிரே யாரும் இல்லை, நான் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. இடது பக்கம் ஒரு சாண்கூட நகரவில்லை. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஃபெர்ரித் துறைக்கு வந்து நிறுத்தினேன், ஃபெர்ரி அக்கரையில் இருந்தது, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், இன்ஜினை அணைத்தேன்.

தண்ணீரைப் பார்த்தபடியே அவர் சொன்னார், "கார்ல ஒண்ணும் இல்ல, இர்யா. ஜனவரியிலேர்ந்து வலது கண்ணு தெரியல. நீ பக்கத்துல உக்காந்து பேசிட்டு வருவ, குரல் மட்டும் வரும். ஆள் இருக்க மாட்ட."

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறாய். முதலில் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது, சக்கரம் கழற்றுகிற ஸ்பேனர் காலடியில்தான் கிடந்தது, அதை எடுக்காமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒருநாள் காலையில் எழுந்தபோதே கண் மங்கியிருந்ததாம், மூக்குக் கண்ணாடி அழுக்கு என்று ஒரு வாரம் சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தாராம். ரோட்டு ஓரம் தெரியாததால் பள்ளத்தில் இறங்கிவிடக் கூடாதே என்று நடுவிலேயே ஓட்டியிருக்கிறார், அந்தப் பால் லாரிக்காரன் பிழைத்தது அவனுடைய அதிர்ஷ்டம். எல்லாம் தெரிந்துகொண்டே மூணு வாரமா என்னைச் சரளைல மல்லாக்கப் படுக்க வெச்சீங்களே, நாலு சக்கரத்தையும் கழட்ட வெச்சீங்களே, ஏன் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமலேயே, "கார்ல இருந்துடாதான்னு பாத்தேன்" என்றார். ஃபெர்ரி வந்து பிர்யோ இறங்கி வந்தாள், வாத்தியார் வலது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதையும் என் மூக்கு சிவந்திருப்பதையும் பார்த்தாள், அந்த வாயாடி வாழ்நாளில் முதல் தடவையாக எதுவும் கேட்காமல் தடுப்பைத் தூக்கிவிட்டாள்.

மூன்று நாள் கழித்துக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், நான்தான் ஓட்டினேன், முப்பத்தைந்து கிலோமீட்டரும் என் முதுகு வியர்வையில் நனைந்துவிட்டது, பின்னால் வந்தவர்களெல்லாம் என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று ஜன்னல் மூடியிருந்ததால் கேட்கவில்லை. கண்ணுக்குப் பின்பக்கம் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறதாம். போன பார்வை முழுக்கத் திரும்பி வராது, கொஞ்சம் வரலாம், மீதி இருப்பதைக் காப்பாற்றலாம் என்கிறார். ஜனவரியிலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, உன் அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார், நல்ல மனிதர். மாதம் ஒரு ஊசி, கண்ணுக்குள்ளேயே. கையில் ஊசி போட்டாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிற ஆளுக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஊசி, கடவுளுக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு. முதல் ஊசி ஆகிவிட்டது, என் கையைப் பிடித்துக்கொண்ட பிடியில் அந்தக் கீறல் திரும்பத் திறந்துகொண்டது. இடது கண் நன்றாக இருக்கிறது. இலையுதிர் காலம் வரை அவர் வண்டி ஓட்டக் கூடாது, அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

இப்போது ஃபிளாட் விஷயம். ஒப்பந்தம் காரைப் பற்றியது, கார் தேறிவிட்டது, தாள் என்னிடம் இருக்கிறது என்று நான் சட்டம் பேசலாம், கண்ணைப் பற்றி உனக்குச் சொல்லாமலும் இருந்திருக்கலாம். ஐந்து மாதம் ஒருவர் மறைத்ததே போதும், நானும் மறைக்க மாட்டேன். ஆகவே கேட்கிறேன், உத்தரவு போடவில்லை, ஃபிளாட்காரர்களுக்கு எழுதி எங்கள் பேரை எடுத்துவிடு. நான் ஓட்டுகிறேன். முதல் நாள் பயந்தேன், இரண்டாம் நாள் பயந்தேன், நேற்றுக் கடைக்குப் போனபோது பாட்டுக்கூடப் போட்டேன். எனக்குக் கண் நன்றாக இருக்கிறது, உன் அப்பாவைப் பார்த்த அதே நாற்காலியில் என்னையும் உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னேன், எழுதியும் வாங்கிக்கொண்டேன். எனக்கு முடியாமல் போகிற நாளில் நானே உனக்கு எழுதுவேன், சேணத்தின் மேல் பழி போட மாட்டேன். வேண்டாம் என்று நீ சொன்னால் மூட்டை கட்டுவோம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் கட்டுவோம் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அவருக்கு இந்த ஏரியும் இந்தக் கரையும் ஒரு கண்ணாலாவது தெரிகிற வரை தெரியட்டும் என்று எனக்கு ஆசை. எனக்கும்தான்.

இன்னொன்று சொல்ல மறந்தேன். வண்டியில் இப்போது அவர் வலது பக்கத்தில் உட்காருகிறார், நான் ஸ்டியரிங் இருக்கிற இடது பக்கம் வந்துவிட்டேன், அவருடைய நல்ல கண் இருக்கிற பக்கம். வழியெல்லாம் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு வருகிறார். ரோட்டைப் பாருங்கள், என் முகத்தில் என்ன இருக்கிறது என்றால், ரோட்டைப் பார்க்கத்தான் நீ இருக்கிறாயே என்கிறார். கியர் மாற்றும்போது நான் நாக்கை வெளியே நீட்டுகிறேனாம். நாற்பத்தொரு வருடத்தில் இந்த மனிதர் என்னை இவ்வளவு பார்த்ததில்லை, எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கிறது.

ஜூலையில் வரும்போது இனேஸுக்கு மழைக்கோட்டு எடுத்துக்கொள், குதிரைச் சாமான் எதுவும் எடுத்து வராதே. கடவுள் உங்கள் மூன்று பேரையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும், மாப்பிள்ளையின் தாயாருக்கும் என் அன்பைச் சொல். கண் விஷயம் உனக்குத் தெரியும் என்று அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே, அவர் தானே சொல்ல வேண்டும் என்று படகு வீட்டில் தனியாக நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் வெளியே நின்று கேட்டேன், இன்னும் சரியாக வரவில்லை. ரயில் நிலையத்தில் நாங்கள் இரண்டு பேரும் பிளாட்பாரத்திலேயே நிற்போம். ஒன்றை மட்டும் மறக்காதே. இறங்கியதும் அவருக்கு இடது பக்கமாக வா. இனேஸையும் அந்தப் பக்கமாகவே ஓடிவரச் சொல்.

உன் அம்மா,
இர்யா